நாய் பாய்ந்து கிளப்பிய பறவையைச் சுடாதீர்கள்: பாயிண்டர் நாயோடு முதல் பருவத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன பறவை வேட்டைப் பருவத்தில் மூன்று புதியவர்களோடு மாறி மாறி நடந்தேன். மூவரிடமும் ஒன்றரை வயதைத் தாண்டாத நாய்கள். நான் என் முதல் பருவத்தில் செய்த தப்புகளை அவர்களும் அப்படியே செய்தார்கள், அதுவும் அதே சிரிப்போடு. வாயைக் கட்டிக்கொண்டு பின்னால் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

உரிமம் எடுக்காமல் கிளம்புவது, தோட்டா போட்ட துப்பாக்கியோடு வேலி தாண்டுவது, நாய்க்குத் தண்ணீர் கொண்டு போகாதது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. இதைக்கூட ஒருவர் சொல்லித்தர வேண்டுமென்றால் வேட்டைக்கே கிளம்ப வேண்டாம். வேட்டைக்குச் சட்டம் இடம் தராத நாட்டில் இருப்பவர்களுக்கும் இது வேலைக்காகாது.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி. பாயிண்டர், செட்டர், பிரிட்டனி, விஸ்லா, ஜெர்மன் ஷார்ட்ஹேர்ட் இனங்களெல்லாம் பறவையின் வாடை பிடித்த இடத்திலேயே உறைந்து நின்று, ‘இங்கே இருக்கிறது’ என்று காட்டும் நாய்கள். அந்த நிற்றலுக்குப் பெயர் பாயிண்ட். புல்லுக்குள் போய்ப் பறவையைக் கிளப்புவது நம் வேலை.

காற்றைப் பார்க்காமல் நாயை அவிழ்த்துவிடுவது

வாடை காற்றோடு போகும். போகப் போக விசிறி மாதிரி விரியும். காற்று எதிரே வந்தால் நாய்க்குத் தூரத்திலேயே செய்தி வந்துவிடும். முதுகுப் பக்கம் இருந்து வீசினால் பறவையின் தலைமேல் போய் நிற்கும்வரை அதற்கு ஒன்றும் தெரியாது. பறவை எழும்பிப் போனதும் “முட்டாள் நாய்” என்று திட்டுகிறோம். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்தே நேராக நடக்க ஆரம்பித்தவர் யார்? சுற்றிக்கொண்டு போய் எதிர்க்காற்றில் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

பழகிய நாய் இதைத் தானே சமாளிக்கும். காற்று பின்னால் இருந்தால் முன்னால் ஓடிப்போய்த் திரும்பி, நம்மை நோக்கித் தேடிக்கொண்டு வரும். குட்டியிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

முதல் வெடிச்சத்தத்தைக் களத்தில் கேட்க வைப்பது

வேண்டாம். பல மாதங்களுக்கு முன்பே, நாய் ஒரு பறவையை வெறியோடு துரத்திக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, வெகு தூரத்தில் ஒரு சின்னச் சத்தம். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையென்றால் அடுத்த வாரம் கொஞ்சம் கிட்டே. சத்தத்துக்கு மிரளும் நாய்களில் பெரும்பாலானவை மனிதர்கள் அவசரப்பட்டு மிரள வைத்தவைதான்.

நாய் தானே பாய்ந்து கிளப்பிய பறவையைச் சுடுவது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் சும்மா துணைக்கு.

என் முதல் நாய் ஜெர்மன் ஷார்ட்ஹேர்ட் பெட்டை. அப்போது பதினோரு மாதம். பருவம் தொடங்கி இரண்டாவது வாரம், ஒரு முட்புதர் ஓரமாகச் சட்டென்று நின்றாள். முன்னங்கால் ஒன்று மடிந்து தொங்கியது. வாய் இறுக மூடியிருக்க, கன்னத்துத் தோல் மட்டும் புஸ் புஸ்ஸென்று உப்பி உப்பி அடங்கியது. வாடையை இழுத்து இழுத்துப் பார்க்கும்போது அப்படி ஆகும். நான் ஐம்பது அடி பின்னால், புல்லில் கால் சிக்கிக்கொண்டு வருகிறேன். கம்பி மாதிரி நின்றிருந்த வாலின் நுனி மெல்ல ஆட ஆரம்பித்தது. இன்றைக்கு அதைப் பார்த்தால் ‘பொறுமை தீரப் போகிறது’ என்று படித்துவிடுவேன். அன்றைக்குத் தெரியாது. ஓரடி வைத்தாள், இன்னும் ஓரடி வைத்தாள், பாய்ந்துவிட்டாள். காடைக் கூட்டம் விர்ரென்று நாலாபுறமும் சிதறியது. நான் துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டேன். ஒன்று விழுந்தது. ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வந்தாள்.

கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். படம்கூட எடுத்தேன். அந்தப் படம் இன்னும் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும்.

நாய்க்குக் கூலி நம் பாராட்டு இல்லை, வாயில் கிடைக்கும் பறவைதான். எந்த வேலைக்குக் கூலி கிடைத்ததோ அதையே திரும்பச் செய்யும். நின்றதற்கு அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, பாய்ந்ததற்குக் கிடைத்தது. கணக்கு எளிது, அவளும் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பருவத்தில் அப்படி ஆறு பறவை சுட்டேன். நடுவில் ஒழுங்காக நின்று காட்டியவையும் உண்டு. அதனால் ‘சின்ன நாய்தானே, வயதானால் சரியாகிவிடும்’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நிற்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் அரை நிமிடம், அப்புறம் பத்து விநாடி, அப்புறம் ஒரு சின்னத் தயக்கம், அவ்வளவுதான். கடைசி வாரங்களில் நூற்றைம்பது அடிக்கு முன்னாலேயே பறவைகளைக் கிளப்பிக் கலைத்துவிட்டு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ‘ஏன் சுடவில்லை?’ என்பதுபோல் திரும்பிப் பார்ப்பாள். பறவைத் துப்பாக்கியை முப்பத்தைந்து, நாற்பது மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. அவள் கிளப்பிய பறவையெல்லாம் அதற்கு அப்பால்.

அதைச் சரிசெய்ய எட்டு மாதம் பிடித்தது. ரிமோட்டில் திறக்கும் பெட்டிக்குள் புறாவை வைத்து, பெட்டியைப் புல்லுக்குள் மறைத்துவிட்டு, முப்பது அடிக் கயிற்றில் அவளை எதிர்க்காற்றில் கொண்டு வருவேன். வாடை பிடித்து நின்றால் நானும் நிற்பேன். ஓரடி முன்னால் வைத்தாளோ, பெட்டி திறந்து புறா பறந்துவிடும். கத்தல் இல்லை, அடி இல்லை, சுடுவதும் இல்லை. நகர்ந்தால் பறவை போய்விடும் என்பதை என்னிடமிருந்து இல்லாமல் புறாவிடமிருந்தே அவள் கற்றுக்கொள்ள வேண்டும். நாள்தோறும் விடியற்காலையில் இதே வேலை. ஆறு காடைக்கு எட்டு மாதம்!

சரி, எழும்பும் பறவை எதையுமே சுடக்கூடாதா என்று கேட்பீர்கள். அது பறவை எப்படி எழும்பியது என்பதைப் பொறுத்தது. நாய் அசையாமல் நிற்கிறது, பறவை தானாகவே பயந்து எழும்புகிறது என்றால் தாராளமாகச் சுடலாம், நாய் தன் வேலையைச் செய்துவிட்டது. பின்காற்றில் தெரியாமல் மிதித்துக் கிளப்பியிருந்தால் சுடவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். பறவை எழும்பியதும் நாய் தானாக நின்றுவிட்டால் மெதுவாக ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். வாடை பிடித்து நின்ற பிறகு பாய்ந்ததென்றால் துப்பாக்கி தோளுக்கே போகக்கூடாது. எதில் சேர்ப்பது என்று தெரியவில்லையா? சுடாதீர்கள்.

நாம் கையைக் கட்டிக்கொண்டாலும் கூட வருகிறவர் சுடுவார், அதுதான் கொடுமை. போன பருவத்தில் ஒரு நாள், மூவரில் ஒருவருடைய செட்டர் பிரமாதமாக நின்றது. நாய்க்காரர் பாதி தூரம் வந்திருந்தார். நாய் பொறுக்க முடியாமல் பாய்ந்தது. அவர் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டார். அன்று காலையில்தான் சொல்லியிருந்தேன். இடப்பக்கம் இருந்த அவர் நண்பர் டமாரென்று சுட்டுத் தள்ளினார். “அண்ணே, விழுந்துடுச்சு!” என்று ஒரே கொண்டாட்டம். நாய்க்கு யார் சுட்டது என்பதெல்லாம் தெரியாது. பாய்ந்தது, பறவை விழுந்தது, அவ்வளவே. பாவம், நாய்க்காரர் என்னைப் பார்த்தார். நான் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்துகொண்டேன்.

அதனால் வண்டியிலிருந்து இறங்கும் முன்பே கூட வருகிறவரிடம் பேசிவிடுங்கள்: நாய் நின்று காட்டிய பறவையை மட்டும்தான் இன்று சுடுவோம். ஒத்துக்கொள்ளாதவரை வேறொரு நாள் நாயில்லாமல் அழைத்துப் போங்கள். முதல் சில வாரங்களுக்கு நான் என் துப்பாக்கியைக்கூட எடுத்துப் போவதில்லை. நன்றாகச் சுடத் தெரிந்த ஒருவரைச் சுடச் சொல்லிவிட்டு நாயை மட்டும் பார்த்துக்கொள்வேன். கையில் துப்பாக்கி இருந்தால் என்னை நானே நம்பமாட்டேன்.

இதே தவறுக்கு இன்னொரு முகமும் உண்டு. பாய்ந்த நாயை அந்த இடத்திலேயே அடிப்பது, அல்லது கழுத்துப் பட்டையின் மின் அதிர்ச்சியைக் கொடுப்பது. நாயின் மூக்கு முழுக்க அந்த நேரத்தில் பறவையின் வாடை. வலி எங்கிருந்து வந்தது என்று அது யோசிக்காது, வாடையோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளும். அதற்கப்புறம் வாடை வந்ததும் மூக்கைத் திருப்பிக்கொண்டு, ஒன்றும் இல்லாததுபோல் வேறு பக்கம் போய்விடும். பாய்கிற நாயைத் திருத்த எட்டு மாதம் என்றேன். பறவையைத் தவிர்க்கும் நாயை நான் இன்றுவரை ஒன்றுகூட முழுதாகத் திருத்தியதில்லை.

நேர் பின்னாலிருந்து நடந்து வருவது

முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் நெருங்கினால் குட்டி தள்ளப்படுவதாக உணர்ந்து முன்னால் நகரும். பக்கவாட்டில் அகலமாகச் சுற்றி, நாயின் கண்ணில் படும்படி முன்னால் போங்கள். தயங்காமல் நடங்கள். பறவையைத் தேடித் தரையைப் பார்க்காதீர்கள். எழும்பும்போது பார்வை கீழே இருந்தால் சுட நேரம் இருக்காது.

“நில், நில், நில், நில்!”

ஒரு தடவை. நின்றுகொண்டிருக்கும் நாய்க்கு அதுவும் வேண்டாம்.

தாழப் பறக்கும் பறவை

அந்த உயரத்தில்தான் உங்கள் நாயின் தலையும் இருக்கிறது.

விழுந்த இடத்தைக் குறிக்காமல் ஓடுவது

பறவை விழுந்த இடத்துக்கு நேராக ஒரு செடியையோ கல்லையோ கண்ணால் பிடித்துக்கொண்டு, பார்வையை எடுக்காமல் நடந்து போங்கள். போய்ச் சேர்ந்ததும் தொப்பியைக் கழற்றி அங்கே போட்டுவிட்டு, காற்று வீசிப்போகும் பக்கத்திலிருந்து நாயை உள்ளே அனுப்புங்கள். இறக்கையில் மட்டும் அடிபட்ட பறவை விழுந்த இடத்தில் இருக்காது, ஓடிவிடும். நாலு பேர் அந்தப் புல்லை மிதித்துக் கலக்கியிருந்தால் நாய்க்கு எந்தத் தடமும் மிஞ்சாது.

பருவத்தின் முதல் நாளில் நாள் முழுக்க நடப்பது

மாதக்கணக்கில் வீட்டில் படுத்திருந்த நாய் முதல் நாளில் தன் ஆசைக்குத்தான் ஓடும். உடம்பு அதற்கு ஈடுகொடுக்காது. நாயின் இயல்பான உடல்வெப்பம் 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ் வரை. 41-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. பருவத் தொடக்கத்தில் வெயில் மிச்சமிருக்கும். நாக்கு அகலமாக விரிந்து நுனி சுருண்டுகொண்டால், நடை தள்ளாடினால், அன்றைய வேட்டை முடிந்தது. நிழல், வயிற்றிலும் தொடையிலும் தண்ணீர், அப்புறம் மருத்துவர்.

கிளம்புவதற்குச் சற்று முன் வயிறு நிறையச் சோறு போடாதீர்கள். ஓட்டத்தில் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளலாம், அது சில மணி நேரத்தில் கொல்லும். முந்தின இரவே நன்றாகப் போட்டுவிடுங்கள்.

திரும்பி வந்ததும் விளக்கைப் போட்டு விரலிடுக்கு, காதுமடல், அக்குள், கண் இமையின் உட்பக்கம் எல்லாம் தடவிப் பாருங்கள். ஊசிமுனைப் புல்விதை ஒரு பக்கமாகத்தான் நகரும்; தோலுக்குள் நுழைந்தால் பின்னால் வராது, உள்ளேதான் போகும். என் பெட்டைக்கு வலது முன்னங்காலின் நடுவிரலிடுக்கில் எப்போதும் ஒன்று மாட்டியிருக்கும். எடுக்கும்போது காலை இழுத்துக்கொள்வாள், எடுத்ததும் மறு காலைத் தானே நீட்டுவாள்.