மழையில் ரேஸ் ஓட்ட என்ன டயர் போடுவது?

கோவைப் பக்கம் கார் ரேஸில் புதிதாக இறங்குகிற பசங்க முதலில் கேட்பது எந்த எக்ஸாஸ்ட் போடலாம், எந்த ஏர் ஃபில்டர் போடலாம் என்றுதான். டயரைப் பற்றிக் கேட்பவர் குறைவு. மழை டயரைப் பற்றிக் கேட்கிறார் என்றால், அவர் ஏற்கெனவே ஒரு தடவை சுற்றிச் சுழன்று செம்மண்ணில் போய் நின்றுவிட்டு வந்தவராகத்தான் இருப்பார்.

நானும் அப்படி நின்றவன்தான். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு ஐப்பசிச் சனிக்கிழமை, மதியம் வரைக்கும் வெயில் மண்டையைப் பிளந்தது, பொழுதோட இருட்டிக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்துவிட்டது. காரில் இருந்தது செமி ஸ்லிக், அதாவது காய்ந்த தடத்துக்கென்று பள்ளம் குறைவாகச் செய்த டயர், அதுவும் ஏற்கெனவே மூன்று ரேஸ் மீட் ஓட்டி, பள்ளம் 3 மில்லிமீட்டர்கூட மிச்சமில்லாத செட். காலையில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடிய அதே டயர், சாயங்காலம் முதல் பிரேக்கிலேயே கைவிட்டது. ஸ்டீரிங்கைத் திருப்புகிறேன், கார் பாட்டுக்கு நேராகப் போகிறது. வீட்டிலிருந்தே ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பழைய ஸ்விஃப்ட், கடையில் வாங்கிய சாதாரண ரோட்டு டயரோடு, என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு எரிச்சல் ஆறவே இல்லை, ஆனால் அந்த ஸ்விஃப்டின் டயரைப் போய்க் குனிந்து பார்த்தேன். புது டயர், ஆழமான பள்ளம், அவ்வளவுதான் விஷயம்.

சரி, வாங்கும் முன் விதிப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள். ஜேகே, எம்ஆர்எஃப் பெயரில் நடக்கிற தேசிய சாம்பியன்ஷிப்புகளில் அவர்கள் டயரைத்தான் போட வேண்டும், அங்கே நமக்குத் தேர்வே கிடையாது. டிராக் டே, டைம் அட்டாக், ஆட்டோகிராஸ் மாதிரி உள்ளூர்ப் போட்டிகளில்தான் நாமே தேர்ந்தெடுக்கிறோம், அதனால் அங்கேதான் தப்பும் செய்கிறோம்.

டயர் மழையில் என்ன வேலை செய்கிறது என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். தடத்தில் 2 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது, உங்கள் டயர் 185 மில்லிமீட்டர் அகலம், கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. முன் டயர் ஒவ்வொன்றும் நொடிக்குப் பத்து லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். ஒரு குடத்தை ஒன்றரை நொடியில் காலி செய்கிற வேலை. தள்ள முடியாவிட்டால் தண்ணீர் டயருக்கு அடியில் ஆப்பு மாதிரி புகுந்து அதைத் தூக்கிவிடும், டயர் தரையைத் தொடாது, பிறகு ஓட்டுகிறவருக்கு அங்கே வேலையே இல்லை. தண்ணீர் ஒதுங்கிப் போக வழி அந்தப் பள்ளம்தான். நம் பஞ்சர் கடைகளில் பட்டன் என்கிறார்களே, அந்தப் பட்டன்களுக்கு நடுவில் ஓடுகிற வாய்க்கால். புது ரோட்டு டயரில் அது ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இருக்கும், சட்டப்படி 1.6 வரை தேயலாம். ரேஸுக்கு அந்தச் சட்டக் கணக்கு உதவாது. கொட்டுகிற மழை என்றால் 6-க்குக் கீழே இருக்கிற எதையும் நான் இப்போது போடுவதில்லை. ஆழம் பார்க்கிற கேஜ் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து ‘இன்னும் இருக்குதுங்க’ என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன்.

பள்ளத்துக்கு அப்புறம் ரப்பர். செமி ஸ்லிக்கின் ரப்பர் சூடானால்தான் பிடிக்கும், மழைத் தண்ணீர் அதைச் சூடாகவே விடாது. நல்ல மழை டயரின் ரப்பரில் சிலிக்கா அதிகம் கலந்திருக்கும், அது குளிரிலும் இளகிய தன்மையோடு இருந்து ஈரத் தரையைப் பிடிக்கும். டயர் பக்கவாட்டில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருந்தால் பாருங்கள். எண் குறைந்தால் ரப்பர் மென்மை, சீக்கிரம் தேயும். எண் ஏறினால் கெட்டி, ரொம்ப நாள் உழைக்கும். பக்கத்திலேயே டிராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி போட்டிருப்பார்கள். அது ஈரத் தரையில் நேராக பிரேக் அடித்து அளந்தது, வளைவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது, ஆனாலும் பி, சி போட்ட டயரை மழைக்கு எடுக்காதீர்கள். டிரெட்வேர் 500, 600 என்று இருக்கிற டயர் டாக்சிக்கு நல்லது. நமக்கு 200-லிருந்து 350 வரை போதும். அதிலும் 200-க்காரன் பெரும்பாலும் காய்ந்த தடத்துக்காகச் செய்த டயராக இருப்பான், பள்ளம் கம்மியாக இருக்கும், அதைக் கவனிக்கணும்.

தேதியை மட்டும் மறக்கவே கூடாது. பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்: 2423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 24-வது வாரத்தில் செய்தது. ஒரு கடையில் தள்ளுபடி விலை என்று நான்கு டயர் வாங்கினேன். பட்டன் புத்தம் புதுசு, மீசை மாதிரி ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐந்து வருஷத்து ஸ்டாக். ரப்பர் கெட்டித்துப்போய், நகத்தால் அழுத்தினால் தடமே விழவில்லை. மழையில் அது பிடிக்கவும் இல்லை. ரோட்டில் ஓட்டித் தீர்த்தேன். மழை செட்டுக்கு ஒரு வருஷத்துக்குள் செய்ததாக வாங்குங்கள், இரண்டு வருஷத்தைத் தாண்டினால் பேரம் பேசக்கூட உட்கார வேண்டாம்.

அகலத்தில் பலருக்கும் ஆசை உண்டு. காய்ந்த தடத்தில் 205 போட்டவர் மழைக்கும் 205 தேடுவார். தேவையில்லை. குறுகலான டயருக்கு ஒதுக்க வேண்டிய தண்ணீர் குறைவு, அதே எடை சின்ன இடத்தில் இறங்குவதால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும். உங்கள் ரிம் அனுமதித்தால் ஒரு அளவு கீழே போகலாம். பட்டனில் அம்பு வடிவம் இருந்து சுழலும் திசை குறித்திருந்தால் அதை மாற்றி மாட்டிவிடாதீர்கள், தண்ணீரை வெளியே தள்ளுவதற்குப் பதில் உள்ளே அள்ளும். அவசரத்தில் இதைச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நான்கு சக்கரத்துக்கும் ஒரே டயர், ஒரே தேய்மானம். முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்று போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் முந்திக்கொண்டு வரும்.

நாமக்கல், கரூர் பக்கம் ரீட்ரெட் தொழில், அதாவது தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுவது, பெரிசு, லாரிக்கு அது சரியான சிக்கனம். ரேஸ் காருக்கு ரீட்ரெட் கூடவே கூடாது. லாரி டயரில் பட்டனை வெட்டி ஆழமாக்குகிற மாதிரி கார் ரோட்டு டயரையும் வெட்டலாமா என்று ஒரு தம்பி கேட்டான். வெட்டுவதற்கென்று அடியில் ரப்பர் விட்டுச் செய்த லாரி டயர் வேறு, நம் கார் டயரில் பள்ளத்துக்குக் கீழே அந்த ரப்பர் கிடையாது, நூலும் கம்பியும் வந்துவிடும்.

இனி காற்று. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். ‘மழை, பிடிமானம் வேணும், காற்றை இறக்கு’ என்பார்கள். எங்கள் மெக்கானிக் அதற்கு ஒன்று சொல்லுவார்: “காத்த எறக்காதீங்கண்ணா, ஏத்துங்க. தண்ணில எறக்குனா டயரு தவள மாதிரி ஒக்காந்துக்கும்.” அவர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி உள்ளே குழிந்து, பள்ளங்கள் ஒன்றோடு ஒன்று நெருங்கி மூடிக்கொள்ளும். விமான டயர்களை வைத்து நாசா 1960-களில் கண்ட ஒரு கணக்கு உண்டு: டயரின் காற்றழுத்தத்தை அளக்கிற பிஎஸ்ஐயின் வர்க்கமூலத்தை ஏறக்குறைய 17-ஆல் பெருக்கினால், ஆழமான தண்ணீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் கிலோமீட்டரில் வரும். 25 பிஎஸ்ஐக்கு 85, 36-க்கு 102. கார் டயரின் உருவமும் பள்ளமும் இந்த எண்ணை மாற்றும்தான், ஆனால் காற்று ஏறினால் மிதக்கும் வேகமும் ஏறும் என்பது மாறாது.

இன்னொரு காரணமும் உண்டு. காய்ந்த தடத்தில் குளிர்ந்த டயரில் 26 வைத்தால் ஓடி முடிக்கும்போது 34 வந்துவிடும், ஏனென்றால் டயர் 10 டிகிரி சூடானால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். மழையில் டயர் சூடாகாது, மூன்று நான்குதான் ஏறும். அதே 26-ல் கிளம்பினால் கடைசிச் சுற்றுவரை 30-ஐத் தாண்டமாட்டீர்கள். அதனால் கிளம்பும்போதே 30, 31 வையுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றால் இன்னும் இரண்டு. இந்த எண்கள் சுமார் ஆயிரம் கிலோ காருக்கு நான் வைப்பவை, உங்கள் காரில் ஐந்து சுற்று ஓட்டி, பிட்டுக்கு (தடத்தோரம் காரை நிறுத்திப் பார்க்கிற இடம்) வந்தவுடனே அளந்து, எழுதி வையுங்கள். சங்ககிரி லாரிக்காரர்கள் கம்பியால் தட்டிச் சத்தத்தை வைத்தே காற்றைச் சொல்லிவிடுவார்கள், நமக்கு அந்தக் காது கிடையாது, நல்ல கேஜ் ஒன்று வேண்டும். பெட்ரோல் பங்க் மீட்டரை நம்பி ரேஸ் ஓட்டாதீர்கள்.

எந்த மழை என்பதையும் பார்க்க வேண்டும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது சாரல். தடம் நனையும், தண்ணீர் நிற்காது, அம்மியைப் பறக்கவைக்கிற அந்தக் காற்றே பத்து நிமிஷத்தில் உலர்த்தியும் விடும். அன்றைக்கு 5 மில்லிமீட்டர் பள்ளமுள்ள செமி ஸ்லிக்கே போதும், மழை டயர் போட்டால் காய்கிற தடத்தில் பட்டன் சூடேறிப் பிய்ந்துபோகும். போட்டுவிட்டீர்கள், தடமும் காய்ந்துவிட்டது என்றால் நேரான பகுதியில் ஈரம் மிச்சமிருக்கிற ஓரத்தில் ஓட்டி டயரைக் குளிரவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழை அப்படியில்லை, அரை மணி நேரத்தில் தடத்தின் தாழ்ந்த இடமெல்லாம் குட்டையாகும், அதற்கு ஆழமான பள்ளத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. ரொம்ப நாள் காய்ந்து கிடந்துவிட்டு வருகிற முதல் மழையின் முதல் பத்து நிமிஷம் எந்த டயருக்கும் மோசம், ரப்பர் பொடியும் எண்ணெயும் மேலே மிதக்கும். எல்லோரும் ஓடி ஓடி ரப்பர் பூசிய அந்த வழக்கமான கோட்டை விட்டு விலகி ஓட்டிப் பாருங்கள், வளைவோரத்தில் வர்ணம் பூசிய கெர்ப் திட்டுப் பக்கமே போகாதீர்கள்.

டயர்தான் ரேஸைத் தீர்மானிக்கும் என்பதற்கு நம்ம ஊர் நரேன் கார்த்திகேயனே சாட்சி. 2005-ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் நடந்த ஃபார்முலா ஒன் ரேஸில் மிஷ்லின் டயர் தாங்காது என்று 14 கார்கள் ஒதுங்கிவிட, பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடி, நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தார். அன்றைக்கு மழைகூட இல்லை.

மழை செட்டைத் தனி ரிம்மில் மாட்டியே வைத்திருங்கள், மேகம் கூடும்போது டயர் கடைக்கு ஓட நேரம் இருக்காது. ரேஸ் முடிந்ததும் கழுவி, காயவைத்து, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தோட்டத்து மோட்டார் ரூமில் மட்டும் வேண்டாம். ஸ்டார்ட்டரில் பொறி பறக்கும்போது உண்டாகிற ஓசோன் ரப்பரைத் தின்னும். என் முதல் மழை செட், இரண்டே மீட் ஓடியது, ஒரு கோடைக்காலம் முழுக்க அங்கேதான் கிடந்தது. ஐப்பசியில் பையைப் பிரித்தால் பக்கவாட்டு முழுக்க நெருக்கமாக வெடிப்பு. இப்போது அது தோட்டத்தில் தென்னங்கன்றுகளுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருக்கிறது.