செலவில்லாமல் பாடப்பொருள்களை இணையத்தில் பகிர்வது எப்படி? ஆசிரியர்களுக்கான செய்முறை

நல்ல பயிற்சித்தாள் ஒன்றைத் தயாரிக்க ஓர் ஆசிரியருக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போய்விடுகிறது. ஒருமுறை வகுப்பில் பயன்பட்டதும் அந்தத் தாள் கணினியின் ஏதோ ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். வேறோர் ஆசிரியர் அதே பாடத்துக்கு அதே மாதிரித் தாளை முதலிலிருந்து தயாரித்துக்கொண்டிருப்பார். இதைத் தவிர்க்கச் சொந்த இணையதளமும் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம். ஒரு கோப்புறை, என்றும் மாறாத ஓர் இணைப்பு, ‘இதைப் பயன்படுத்தலாம்’ என்று தெளிவாகச் சொல்லும் ஒரு வரி ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

கோப்புகளை இணையத்தில் சேமித்துவைக்கும் சேவையான கூகுள் டிரைவை வைத்துக் கீழே விளக்குகிறேன். பெரும்பாலோரிடம் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை. ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் ஆகியவற்றிலும் வேலை ஏறக்குறைய இதேதான்.

படி 1: ஒரே ஒரு பாடத்தை எடுங்கள்

பத்தாண்டுச் சேமிப்பை ஒரே நாளில் ஏற்றிவிடலாம் என்று தொடங்குபவர்கள் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். ஒரு பாடம் போதும். உதாரணத்துக்குப் பின்னங்கள் பாடத்தை எடுத்துக்கொள்வோம்: ஒரு பயிற்சித்தாள், அதன் விடைகள், வகுப்பில் காட்டிய படவில்லைகள்.

ஏற்றுவதற்கு முன் கோப்புகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மாணவர்களின் பெயர், மதிப்பெண், முகம் தெரியும் படம் எதுவும் அவற்றில் இருக்கக் கூடாது. பாடநூல் பக்கங்களை அப்படியே ஸ்கேன் செய்து சேர்த்திருந்தால் நீக்கிவிட்டு, பக்க எண்ணை மட்டும் குறிப்பிடுங்கள். இணையத்தில் கண்ணில் பட்ட படங்களுக்குப் பதிலாக, விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படத் தொகுப்பிலிருந்து படங்களை எடுக்கலாம். அங்கே ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதன் உரிமம் எழுதப்பட்டிருக்கும்.

படி 2: எங்கும் திறக்கும்படி கோப்பைத் தயார் செய்யுங்கள்

தமிழில் எழுதுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பம்தான் தெரியும். இவை ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து உருவாக்கப்பட்டவை. பிடிஎஃப் ஆக மாற்றினால் கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூடும். ஆனால் ‘பின்னம்’ என்று தேடினால் எதுவும் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினாலும் குழப்பமே வரும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறிமுறையான ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், தமிழ் 1991-இல் வெளியான முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. இன்னும் பழைய எழுத்துருவில் தங்கியிருக்கக் காரணமே இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச ஒருங்குறி எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யுங்கள். பழைய கோப்புகளுக்கு எழுத்துரு மாற்றிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒற்றெழுத்துகளையும் கொம்பு வரும் எழுத்துகளையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது, ஒவ்வொன்றையும் இரண்டு வடிவங்களில் வையுங்கள்: அச்சிட ஒரு பிடிஎஃப், திருத்த ஒரு மூலக்கோப்பு. பிடிஎஃப் மட்டும் கொடுப்பது பாதிப் பகிர்வுதான். எந்த ஆசிரியரும் இன்னொருவரின் தாளை அப்படியே பயன்படுத்துவதில்லை. இரண்டு கேள்விகளை நீக்குவார், ஒன்றை எளிதாக்குவார். அதற்கு வழியில்லாவிட்டால் உங்கள் தாளை மூடிவிட்டுத் தானே புதிதாகத் தட்டத் தொடங்கிவிடுவார்.

லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யும்போது ‘கலப்பு பிடிஎஃப்’ என்ற பொருளில் உள்ள தேர்வை இட்டால், மூலக்கோப்பும் அந்த பிடிஎஃபுக்குள்ளேயே அடங்கிவிடும். எல்லோரும் அதைப் படிக்கலாம். லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர் அதையே திறந்து திருத்தலாம்.

கோப்பின் பெயர்: ‘வகுப்பு6-கணிதம்-பின்னங்கள்-பயிற்சித்தாள்1’. பெயரைப் பார்த்ததும் உள்ளே இருப்பது புரிய வேண்டும். ‘கடைசி’, ‘புதிய கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்ற வரிசை வேண்டவே வேண்டாம்.

படி 3: கோப்புறையும் இணைப்பும்

டிரைவில் ஒரு கோப்புறையைத் தொடங்கி, அதற்குள் பாடவாரியாகச் சிறு கோப்புறைகளை வையுங்கள். இரண்டு அடுக்குகளுக்கு மேல் ஆழமாகப் போனால் கைபேசியில் தேடுபவர் சலித்துவிடுவார். இலவசக் கணக்கில் 15 ஜிபி இடம் உண்டு. ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் இதே இடத்தைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆனாலும் எழுத்துக் கோப்புகள் இதை நிரப்பப் பல காலம் ஆகும். விழுங்குவது காணொளிதான், அதற்கு வேறு இடம் இருக்கிறது.

கோப்புறையைத் தேர்ந்தெடுத்து ‘பகிர்’ என்பதை அழுத்துங்கள். முதலில் அது உங்களுக்கு மட்டுமே திறக்கும்படி இருக்கும். அதை ‘இணைப்பு உள்ள எவரும்’ என்று மாற்றுங்கள். பக்கத்தில் உள்ள அனுமதி ‘பார்வையாளர்’ என்றே இருக்கட்டும். ‘திருத்துபவர்’ என்று கொடுத்துவிட்டால் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் கோப்பை மாற்றலாம், நீக்கவும் செய்யலாம். இப்போது இணைப்பை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

உடனே யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். உலாவியில், உங்கள் கணக்கு உள்நுழையாத மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ) ஒன்றைத் திறந்து இணைப்பை ஒட்டிப் பாருங்கள். உள்நுழையச் சொன்னால் அனுமதி இன்னும் சரியாக அமையவில்லை என்று பொருள். இந்த ஒரு சோதனை, ‘ஐயா, திறக்கவில்லை’, ‘அம்மா, அனுமதி கேட்கிறது’ என்று வரும் செய்திகளில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

கூகுள் டாக்ஸிலோ ஸ்லைட்ஸிலோ உருவாக்கிய கோப்பென்றால் இன்னொரு வழியும் உண்டு. அதன் முகவரியின் இறுதியில் ‘எடிட்’ (edit) என்று ஆங்கிலத்தில் இருக்கும். அதையும் அதன் பின்னால் வருவதையும் அழித்துவிட்டு ‘காப்பி’ (copy) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். அந்த முகவரியைத் திறப்பவரிடம், தனக்கென ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கூகுளே கேட்கும். அவர் தம் நகலில் என்ன செய்தாலும் உங்கள் மூலக்கோப்பு பத்திரமாக இருக்கும்.

படி 4: உரிமத்தை ஒரு வரியில் எழுதுங்கள்

இணையத்தில் இருப்பதாலேயே ஒன்றை யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று ஆகிவிடாது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் எல்லா உரிமையும் உங்களிடமே இருக்கும். நேர்மையான ஆசிரியர் தயங்கி விலகிவிடுவார். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் இதற்காகவே இருக்கின்றன. பணமும் பதிவும் தேவையில்லை. கோப்பின் அடியில் இப்படி எழுதினால் போதும்: ‘ஆக்கம்: உங்கள் பெயர். கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல் 4.0 உரிமம்.’ அந்த உரிமத்தின் பக்கத்துக்கு இணைப்பையும் கொடுத்துவிடுங்கள்.

உரிமங்கள் மொத்தம் ஆறு. ‘பெயர் குறிப்பிடல்’ மட்டும் உள்ளது மிகத் தாராளமானது. திருத்திய வடிவையும் அதே நிபந்தனையில் வெளியிட வேண்டும் என்று விரும்பினால் ‘அதே மாதிரிப் பகிர்தல்’ சேர்ந்ததை எடுக்கலாம். விற்பனைக்குப் போகக் கூடாது என்றால் ‘வணிக நோக்கற்றது’. ‘வழிப்பொருள் கூடாது’ என்று முடியும் வகையைப் பாடப்பொருளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன்கீழ், திருத்திய வடிவையோ மொழிபெயர்ப்பையோ ஒருவர் பிறரோடு பகிர முடியாது. ஒன்றை மட்டும் யோசித்துச் செய்யுங்கள்: ஒருமுறை கொடுத்த உரிமத்தை, ஏற்கெனவே பெற்றவர்களிடமிருந்து திரும்பப் பெற இயலாது.

படி 5: காணொளி இருந்தால்

யூடியூபில் ஏற்றுங்கள். தேடலில் வர வேண்டாம் என்றால் ‘பட்டியலிடப்படாதது’ என்ற தேர்வு போதும். இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்ப்பார்கள். கைபேசி எண்ணால் உறுதிசெய்யாத கணக்கில் 15 நிமிடங்களுக்கு மேற்பட்ட காணொளியை ஏற்ற முடியாது. அது ஒன்றும் நட்டமில்லை. ஏற்றிய காணொளியை அதே இணைப்பில் வைத்துக்கொண்டு வேறொன்றாக மாற்ற யூடியூபில் வழியில்லை. எனவே ஒரு கருத்துக்கு ஒரு சிறு காணொளி என்று பிரித்தால், பிழை நேர்ந்த துண்டை மட்டும் மறுபடி பதிவு செய்யலாம்.

படி 6: இணைப்பைக் கொண்டு சேருங்கள்

வாட்ஸ்அப் குழுவில் கோப்பை அனுப்பாதீர்கள், இணைப்பை அனுப்புங்கள். கோப்பாகப் போனால் பிழையுள்ள நகல் ஒன்று பல கைபேசிகளில் தங்கிவிடும், அதை நீங்கள் தொடவே முடியாது. இணைப்பு என்றால் மூலத்தைத் திருத்தினாலே போதும். டெலிகிராம் சேனல் இன்னும் வசதி: பின்னால் சேர்பவரும் பழைய பதிவுகளைப் பார்க்கலாம்.

அச்சிட்ட தாளில் கியூஆர் குறியீடு வைக்க விரும்பினால் குரோம் உலாவியிலேயே உருவாக்கலாம். ‘இலவசச் சோதனை’ என்று அழைக்கும் சில தளங்களின் குறியீடுகள் முதலில் அவர்கள் தளத்துக்குப் போய்ப் பிறகுதான் உங்கள் பக்கத்துக்கு வரும். சோதனைக் காலம் முடிந்ததும் அச்சிட்ட குறியீடு வேலை செய்யாமல் போகலாம்.

படி 7: இணைப்பு மாறாமல் திருத்துங்கள்

பயிற்சித்தாளில் பிழை கண்டால் பலர் பழைய பிடிஎஃபை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்தக் கோப்புக்கு ஏற்கெனவே கொடுத்த இணைப்பு செத்துவிடும். டிரைவில் கோப்பின் மேல் வலச் சொடுக்கிட்டு, ‘பதிப்புகளை நிர்வகி’ என்ற பொருளில் உள்ள இடத்துக்குப் போய்ப் புதிய பதிப்பை ஏற்றுங்கள். உள்ளே இருப்பது மாறும், முகவரி மாறாது.

இதைச் சொந்தக் கணக்கிலிருந்து செய்வதே நல்லது. நிறுவனம் கொடுத்த கணக்கு, பணி மாறும்போது மூடப்படலாம். வெளியாருக்குப் பகிர அனுமதிக்காமலும் இருக்கலாம். சொந்தக் கணக்கானாலும் இரண்டு ஆண்டுகள் தொடாமலே விட்டால் கூகுள் அதை நீக்கலாம். இலவசத் தளங்கள் மூடப்படுவதும் உண்டு: உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்திவந்த விக்கிஸ்பேசஸ் 2018-இல் அப்படித்தான் போனது. ஆகவே ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் கோப்புறையை முழுதாகப் பதிவிறக்கி ஒரு பென்டிரைவில் வையுங்கள். இனிமேல் மாற்ற வேண்டியதில்லை என்று நீங்கள் கருதும் தாள்களை, 1996 முதல் இயங்கும் லாப நோக்கற்ற இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இலவசமாக ஏற்றலாம்.