கிராம்பு எண்ணெய்க்குப் பாக்டீரியா அடங்குமா? அகார் தட்டில் சோதிக்கும் முறை

‘கிருமிகளைக் கொல்லும்’ என்ற வரி இல்லாத தைலப் புட்டியைக் கடையில் தேடிப் பிடிப்பது கடினம். எந்தக் கிருமியை, எவ்வளவு எண்ணெய் கொல்லும் என்று மட்டும் அந்தப் புட்டி சொல்லாது. நுண்ணுயிரியலில் காலடி எடுத்து வைக்கும் ஒரு மாணவர் கல்லூரி ஆய்வகத்தில் இதை ஓரளவு தானே சோதித்துப் பார்க்கலாம். அதற்கான முறை வட்டுப் பரவல் சோதனை: பாக்டீரியா தேய்த்த அகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) தட்டில் எண்ணெய் நனைத்த வடிதாள் வட்டை வைப்பது; எண்ணெய் பரவி வளர்ச்சியைத் தடுத்தால் வட்டைச் சுற்றி ஒரு தெளிந்த வளையம் தெரியும். பாவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் ஆகிய நால்வரும் 1966இல் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்காக இதைச் சீர்ப்படுத்தி வெளியிட்டார்கள். மருந்துக்கென வகுத்த முறை என்பதால் எண்ணெயிடம் சில இடங்களில் இடறும். அந்த இடங்களில் மட்டும் சற்று நின்று பேசுகிறேன்.

ஒரு நிபந்தனை: இதை வீட்டில் செய்யாதீர்கள். ஆட்டோகிளேவும் (உயர் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியரும் இருக்கும் இடத்தில் மட்டுமே செய்யுங்கள்.

1. எண்ணெயைச் சோதித்து வாங்குதல்

தொடக்கத்துக்கு இரண்டு போதும்: கிராம்பு எண்ணெய், நீலகிரித் தைலம் எனப்படும் யூகலிப்டஸ் எண்ணெய். கிராம்பில் முதன்மையான பொருள் யூஜெனால். நல்ல எண்ணெயில் அது 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். நீலகிரித் தைலத்தில் சினியோல். இரண்டும் வேதியியலில் வேறுவேறு குடும்பம் என்பதால் ஒப்பிட ஏற்றவை.

கடையில் கிராம்பு எண்ணெய் என்று விற்பவற்றில் சிலவற்றில் கடலை எண்ணெய் போன்ற ஏதாவது கலந்திருக்கும். ஒரு குவளை நீரில் சில துளிகளை விட்டுக் கலக்குங்கள். தூய கிராம்பு எண்ணெய் நீரைவிட அடர்த்தியானது, அடியில் போய் உட்கார்ந்துவிடும். மிதந்தால் சந்தேகப்படுங்கள். நீலகிரித் தைலம் இயல்பாகவே மிதக்கும். அதற்கு வடிதாள்தான் சோதனை. ஒரு துளி விட்டு மறுநாள் பார்த்தால் எண்ணெய்க் கறை இருக்கக் கூடாது.

2. பாக்டீரியா

பேசில்லஸ் சப்டிலிஸ் ஒன்று, ஈ.கோலை கே-12 ஒன்று. முதலாவது கிராம் பாசிட்டிவ், இரண்டாவது கிராம் நெகட்டிவ் (செல்லின் மேலுறை அமைப்பை வைத்துப் பிரித்த இரு பெரும் பிரிவுகள் இவை). இரண்டும் நோய் உண்டாக்காத ஆய்வக வகைகள். ‘கை விரலைத் தட்டில் அழுத்தி வருவதைச் சோதிக்கலாமே’ என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கூடாது. விரலிலிருந்து எது வளரும் என்று யாருக்கும் தெரியாது, அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிவிட்டுப் பிறகு கவலைப்படுவது வீண் வேலை.

3. தட்டு தயாரித்தல்

முல்லர்-ஹின்டன் அகார் (பாக்டீரியா வளரச் சத்துகள் கலந்த அகார்) பொடி லிட்டருக்கு 38 கிராம். கரைத்து, 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து, 50 டிகிரிக்கு ஆறியதும் 90 மி.மீ. தட்டு ஒன்றுக்கு 25 மி.லி. ஊற்றுங்கள். 4 மி.மீ. தடிமன் கிடைக்கும். தடிமன் கூடினால் வளையம் சிறுக்கும், குறைந்தால் பெருக்கும். அதனால் இங்கே கண்ணளவு உதவாது.

கண்ணாடித் தட்டு நல்லது. நீலகிரித் தைலம் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

(அகாரின் ஊர் வெகு தூரத்தில் இல்லை. ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பதும் அகார்தான்.)

4. விதைத்தல்

முந்தைய நாள் வளர்த்த பாக்டீரியாவை உப்புக் கரைசலில் கலக்கி, கலங்கலை 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலை வைத்துப் பாக்டீரியா அடர்த்தியை மதிப்பிடும் அளவுகோல்) அளவுக்குக் கொண்டுவாருங்கள். 1.175% பேரியம் குளோரைடு 0.05 மி.லி., 1% கந்தக அமிலம் 9.95 மி.லி. சேர்த்தால் ஒப்பிடுவதற்கான கலங்கல் நீர் கிடைக்கும். கிருமி நீக்கிய பஞ்சுக் குச்சியைக் கரைசலில் நனைத்து, குழாயின் உள்சுவரில் அழுத்திப் பிழிந்து, தட்டு முழுக்கத் தேயுங்கள். தட்டை 60 டிகிரி திருப்பி மறுபடி, இன்னொரு முறை திருப்பி மறுபடி. ஐந்து நிமிடம் உலர விடுங்கள்.

5. வட்டுகளை வைத்தல்

எண்ணெய் நீரில் கரையாது. எனவே ஒரு பங்கு எண்ணெயை ஒன்பது பங்கு டைமெதில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பானில் கரைத்து 10% கரைசல் செய்யுங்கள். ஒவ்வொரு தட்டிலும் 6 மி.மீ. வடிதாள் வட்டுகள் நான்கு: கலக்காத எண்ணெய் 10 மைக்ரோலிட்டர், 10% கரைசல் 10 மைக்ரோலிட்டர், வெறும் கரைப்பான் 10 மைக்ரோலிட்டர், கடையில் கிடைக்கும் 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் (ஓர் ஆன்டிபயாடிக்) வட்டு. கரைப்பான் வட்டைச் சுற்றி வளையம் வந்தால் சோதனையே செல்லாது. அதைச் சொல்லத்தான் அந்த வட்டு.

ஒரு தட்டில் ஓர் எண்ணெய் மட்டும். இரண்டு எண்ணெய்களை ஒன்றாக வைத்தால் அவற்றின் ஆவி மூடிக்குள் கலந்து, எது வேலை செய்தது என்று சொல்ல முடியாமல் போகும். வட்டுகளின் மையங்களுக்கிடையே குறைந்தது 24 மி.மீ. இடைவெளி விடுங்கள். பாரஃபிலிம் (இழுத்து ஒட்டும் மெழுகுப் படலம்) சுற்றி, கவிழ்த்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் வையுங்கள். ஒவ்வோர் எண்ணெய்-பாக்டீரியா இணைக்கும் மூன்று தட்டு.

6. வளையத்தை அளத்தல், அதை நம்பும் அளவு

தட்டின் பின்புறமிருந்து, வட்டையும் சேர்த்து, வளையத்தின் விட்டத்தை மி.மீ.யில் அளவெடுங்கள். கிராம்பு பெரும்பாலும் இரண்டு பாக்டீரியாவிடமும் தெளிந்த வளையம் தரும்; நீலகிரித் தைலம் அந்த அளவுக்குத் தராது.

இனிமேல்தான் கவனம் தேவை. கலக்காத கிராம்பு எண்ணெயின் வளையம் ஜென்டாமைசின் வளையத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ வந்துவிட்டால், ‘மருந்தைவிடக் கிராம்பு வலிது’ என்று திட்ட அறிக்கையில் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். 10 மைக்ரோலிட்டர் கிராம்பு எண்ணெயின் எடை ஏறத்தாழ 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம். மருந்து வட்டில் இருப்பது 10 மைக்ரோகிராம். ஆயிரம் பேர் சேர்ந்து ஒருவரோடு கயிறு இழுத்துவிட்டு வெற்றிக் கோப்பை கேட்பது போன்றது அது.

இரண்டு எண்ணெய்களை ஒன்றோடொன்று ஒப்பிடவும் வளையம் நல்ல அளவுகோல் அல்ல. அகாரில் பெரும்பகுதி நீர். நீரில் சற்றே கரையும் எண்ணெய் தூரம் போகும். கரையாதது வட்டிலேயே தங்கும். எளிதில் ஆவியாவது காற்றில் போய்விடும். வளையம் சிறுத்ததற்கு எண்ணெயின் பலவீனமும் காரணமாகலாம், அது நகராததும் காரணமாகலாம். ஆகவே குறிப்பேட்டில் ‘வளையம் உண்டு/இல்லை, எந்தச் செறிவில்’ என்பதை முதலில் எழுதுங்கள். வலிமையை ஒப்பிட வேண்டுமானால் திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து, வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஈ.கோலையின் வளையம் பேசில்லஸின் வளையத்தைவிடச் சிறிதாக இருந்தால் வியக்க வேண்டாம். எண்ணெய் மூலக்கூறுகள் செல்லின் கொழுப்புச் சவ்வுக்குள் நுழைந்து அதைக் குலைக்கின்றன. பொட்டாசியம் அயனிகள் வெளியே கசிகின்றன. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு அதன் மேலே இன்னொரு புறச்சவ்வு உண்டு. எண்ணெய் எளிதில் அதைத் தாண்டுவதில்லை. இதே யூஜெனால் நம் செல்களின் சவ்வையும் விட்டுவைக்காது. தட்டில் வளையம் வந்ததை நம்பி யாரும் கிராம்பு எண்ணெயைக் குடிக்கவோ குழந்தைக்குக் கொடுக்கவோ கூடாது.

7. ஆவிச் சோதனை

விருப்பமிருந்தால் கூடுதலாக ஒரு தட்டு விதையுங்கள். இம்முறை வட்டை அகாரின் மேல் வைக்காமல் மூடியின் உட்புறத்தில் வைத்து, தட்டைக் கவிழ்த்து மூடுங்கள். எண்ணெய் அகாரைத் தொடாது. வளர்ச்சி தடைப்பட்டால் அது ஆவியின் வேலை. எலுமிச்சைப்புல் எண்ணெய் கிடைத்தால் இதில் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

8. அப்புறப்படுத்துதல்

தட்டுகளைத் திறக்காமல் மறுபடி 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த பிறகே கொட்டுங்கள். கொதிநீர் போதாது, ஏனென்றால் பேசில்லஸ் உருவாக்கும் ஸ்போர்கள் (கடின உறை கொண்ட உறங்கு நிலை வடிவங்கள்) 100 டிகிரியைத் தாங்கி நிற்கும். மேசையை 1% சோடியம் ஹைப்போகுளோரைட்டால் துடைத்து, பத்து நிமிடம் விட்டு, கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.