பார்சல் வாங்கச் சொந்தப் பாத்திரம் கொண்டு செல்வது எப்படி: மதுரை உணவகங்களுக்கு ஒரு வழிமுறை

மதுரையில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல் பல பரோட்டாக் கடைகளின் முன் நின்று பார்த்தால், கொதிக்கும் சால்னாவைப் பாலித்தீன் கவரில் ஊற்றி, நூல் சுற்றிக் கட்டி, கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பது தெரியும். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், உறிஞ்சுகுழல், தூக்குப்பை உள்ளிட்ட ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்கியது. மஞ்சப்பையில் காய்கறி வாங்கலாம், சால்னா வாங்க முடியாது. அதற்குத் தூக்குவாளிதான் வேண்டும். வெளிநாடுகளில் சிலர் பக்கத்து உணவகத்துக்குத் தங்கள் வைன் புட்டியை எடுத்துச் சென்று சாப்பாட்டோடு அருந்துவார்கள் என்று கேள்விப்படுகிறோம். மது உரிமம் இல்லாத கடையில் அதற்கு இங்கே சட்டம் இடம் தராது. நாம் தைரியமாகக் கொண்டுபோகக் கூடியது காலிப் பாத்திரம்தான்.

முதலில் பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்போம். குழம்பு, சால்னா, சாம்பார் வகைகளுக்கு வாய் அகன்ற, கைப்பிடி உள்ள எவர்சில்வர் தூக்குவாளி ஏற்றது. வாய் குறுகியிருந்தால் கரண்டி உள்ளே போகாது. ஊற்றுபவர் விளிம்பில் சிந்துவார், பின்னால் நிற்பவர்கள் முகம் சுளிப்பார்கள். புளி சேர்ந்த குழம்பையும் ரசத்தையும் அலுமினியப் பாத்திரத்தில் வாங்கக் கூடாது, புளிப்பு அந்த உலோகத்தை அரித்துச் சுவையைக் கெடுக்கும். ஐஸ்கிரீம் வந்த பழைய பிளாஸ்டிக் டப்பாவும் சூடான உணவுக்கு ஆகாது. பாத்திரம் உலர்ந்து, நேற்றைய கருவாட்டு வாசனை இல்லாமல் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை; ஆனால் மூடியின் ரப்பர் வளையத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், வாசனை ஒளிந்திருக்கும் இடம் அதுதான்.

கடைக்குப் போனபின் காரியம் முழுவதும் எப்போது வாய் திறக்கிறோம் என்பதில் இருக்கிறது. கூட்டம் சேர்வதற்கு முன்பே சட்னியையும் சால்னாவையும் பொட்டலம் போட்டு வைக்கும் கடைகள் ஏராளம். நீங்கள் ஆர்டர் சொல்லி, பணம் கட்டி, கடைசியில் பாத்திரத்தை நீட்டினால், பார்சல் கட்டுபவர் கட்டி வைத்த கவரை எடுத்து, கத்தரியால் நுனியை வெட்டி, உங்கள் தூக்குவாளியில் கவிழ்த்துவிட்டுக் கவரைக் குப்பையில் போடுவார். அவர் மேல் குற்றமில்லை, அவருக்கு அதுதான் சுலபம். ஆகவே கல்லாவில் டோக்கன் வாங்கும்போதே, "அண்ணே, பாத்திரம் கொண்டு வந்திருக்கேன், கவர் வேண்டாம், சட்டியில இருந்தே ஊத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட வேண்டும். அதே சொல்லைப் பார்சல் மேசையிலும் ஒருமுறை சொல்வது நல்லது, ஏனென்றால் கல்லாவில் சொன்னது அடுப்படிக்குப் போய்ச் சேரும் என்பதற்கு உறுதி இல்லை. கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பாகவே போய்விட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. அதே கடைக்குத் தொடர்ந்து போகிறவருக்கு, தூக்குவாளியைக் கண்டதுமே கரண்டியை எடுக்கும் மாஸ்டர் விரைவில் வாய்த்துவிடுவார்.

அளவு பற்றிய தயக்கம் இரு பக்கமும் உண்டு. பெரிய வாளியை நீட்டினால் கூடுதலாகக் கேட்பதாகக் கடைக்காரர் நினைப்பார். அதன் அடியில் கிடக்கும் சால்னாவைப் பார்த்தால் நமக்குக் குறைத்துவிட்டதாகத் தோன்றும். வழக்கமாக வாங்கும் அளவு முக்கால் பாகத்துக்கு வரும்படியான பாத்திரமே சரி. பார்சல் அளவு போதும் என்று நாமே முந்திச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. எடை போட்டுத் தரும் இனிப்பு, காரக் கடைகளில், காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, அது காட்டும் எடையைப் பூஜ்ஜியமாக்கிய பிறகே பண்டத்தை இடச் சொல்ல வேண்டும்.

எல்லாப் பண்டத்துக்கும் ஒரே பாத்திரம் ஒத்துவராது. இட்லியைச் சூட்டோடு எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக மூடினால், ஆவி மூடியில் படிந்து சொட்டி, வீடு சேர்வதற்குள் மேல் இட்லி நீர் கோத்துவிடும்; அடியில் வாழை இலையும் மேலே சுத்தமான பருத்தித் துணியும் வைத்து மூட வேண்டும். சட்னிகளைப் பக்கத்திலேயே வைக்கலாமே என்று ஒரே டப்பாவில் சேர்க்காதீர்கள். நான்கு வகைச் சட்னி தரும் ஊரில் அதற்கென்றே நான்கு சிறு சம்படங்கள் எடுத்துப் போவது வீண் ஆடம்பரம் இல்லை. பரோட்டாவுக்கும் கறி தோசைக்கும் அகலமான, தட்டையான டப்பா வேண்டும். கறி தோசையை மடித்துத் திணித்தால் மேலே பரப்பிய கறி உதிர்ந்துவிடும், பிறகு அதை வாங்கியதில் அர்த்தமில்லை. டப்பா இல்லாத நாளில் வாழை இலையில் கட்டித் தரச் சொல்லலாம். அச்சிட்ட செய்தித்தாள் மட்டும் வேண்டாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள் அதில் உணவைச் சுற்றுவதைத் தடை செய்கின்றன.

ஜிகர்தண்டாவுக்கு வாய் அகன்ற பிளாஸ்க் எடுத்துச் செல்ல வேண்டும். வீட்டில் கிளம்பும் முன் அதில் ஐஸ் தண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் வைத்துக் கொட்டிவிட்டால் உட்சுவர் குளிர்ந்திருக்கும். பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் பாலும் முதலில் விழட்டும், ஐஸ்கிரீம் கடைசியில் மேலே வரட்டும். குலுக்காமல் கொண்டுவந்து வீட்டில் கலக்கிக்கொள்ளலாம். பருத்திப் பாலுக்கு இதையே தலைகீழாக, வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய பிளாஸ்கில் செய்ய வேண்டும்.

இருசக்கர வண்டியில் தூக்குவாளியை முன் கொக்கியில் மாட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆடும். ஸ்கூட்டராக இருந்தால், துணிப்பையில் இறுக வைத்துக் காலிடையில் நிறுத்துவதே பாதுகாப்பு. கொதிக்கும் குழம்பின் மேல் மூடியை அழுத்தி மூடிவிட்டால், ஆறும்போது உள்ளே ஆவி சுருங்கி மூடி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்போது மூடியின் மேல் வெந்நீர் ஊற்றினால் திறக்கும். கத்தி வைத்து நெம்ப வேண்டியதில்லை.

பில்லில் பார்சல் கட்டணம் தனியாக இருந்தால், பாத்திரம் நம்முடையது என்று சொல்லி அதை நீக்கக் கேட்கலாம். சிலர் நீக்குவார்கள், சிலர் கணினியில் போட்டாகிவிட்டது என்பார்கள். அடுத்த முறை பில் போடும் முன் சொல்லிவிட வேண்டியதுதான். ஜிஎஸ்டி மட்டும் குறையாது: சாதாரண உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் பார்சல் வாங்கினாலும் 5 விழுக்காடுதான்.

கறிக் குழம்பையும் சுக்காவையும் வாங்கியபின் வெளியே சுற்றிக்கொண்டிருக்காமல் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். மிச்சம் இருந்தால் தூக்குவாளியோடு குளிர்பெட்டியில் ஏற்றாமல், அகலமான பாத்திரத்துக்கு மாற்றி ஆற வைத்து உள்ளே வையுங்கள். மறுநாள் அடுப்பில் கொதி வந்தபிறகே பரிமாறுங்கள்.