சிறைபிடிக்கப்பட்ட பெண்களைப் பற்றி எழுதுகிறீர்களா? முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள்

இந்த மாதிரி விஷயத்தை எழுத உட்கார்ந்தாலே கை தானாக 'அப்பாவிப் பெண்கள்', 'கண்ணீர் மல்க', 'நிர்க்கதியாய்' என்று போய்விடும். இரக்கத்தில்தான் எழுதுகிறோம், ஆனால் படித்து முடிக்கும்போது அந்தப் பெண் முழுக் கட்டுரையிலும் அழுவதைத் தவிர ஒன்றுமே செய்திருக்க மாட்டாள்.

நைஜீரியாவின் சிபோக் ஊரில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2014 ஏப்ரல் 14 இரவு, இறுதித் தேர்வுக்காக விடுதியில் தங்கியிருந்த 276 மாணவிகளை போகோ ஹராம் என்ற தீவிரவாத அமைப்பு கடத்தியது. அவர்களில் 57 பேர் சீக்கிரமே தப்பிவிட்டார்கள். ஓடுகிற லாரியிலிருந்து குதித்தவர்களும் அதில் உண்டு. இதை '57 பேர் மீட்கப்பட்டனர்' என்று எழுதினால், மீட்டது யார்? யாருமில்லை, அவர்களே ஓடி வந்தார்கள். பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டதாக அப்போது அறிவித்த ராணுவம் அதைப் பிறகு திரும்பப் பெற்றதுதான் மிச்சம்.

ஆகவே எழுதி முடித்ததும் 'ப்பட்ட' என்று வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றிலும் செய்தது யார் என்று கேளுங்கள். 'கடத்தப்பட்டனர், அடைத்து வைக்கப்பட்டனர்' என்று அடுக்கினால் குற்றவாளி வாக்கியத்திலிருந்தே நழுவிவிடுகிறான். குற்றத்துக்கு அவனை எழுவாயாக்குங்கள், பெண்கள் செய்ததற்குப் பெண்களை. சிபோக் மாணவிகளில் சிலர் பிடிபட்டிருந்தபோதே ரகசியமாக டைரி எழுதினார்கள், மணம் செய்யச் சொன்னபோது பலர் மறுத்தார்கள். இவையெல்லாம் அவர்களுடைய வினைகள். 2016 அக்டோபரில் 21 பேரும் 2017 மே மாதம் 82 பேரும் வெளியே வந்தது பேச்சுவார்த்தையால். அதையும் 'அதிரடி மீட்பு' ஆக்க வேண்டாம்.

அடுத்தது, 'தீவிரவாதியின் மனைவி'. மனைவி என்று போட்டதும் கட்டாயம் மறைந்துபோகிறது. 'போகோ ஹராம் ஆள் ஒருவன் கட்டாயப்படுத்தி மணந்த பெண்' என்று எழுதினால் கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை. 'கற்பிழந்த', 'சீரழிந்த' பற்றி நான் சொல்லவே வேண்டாம், பழியை அவள் தலையில் கட்டும் சொற்கள்.

சரி, அதற்காக எல்லோரையும் சிங்கப்பெண் ஆக்கிவிடாதீர்கள். லாரியிலிருந்து குதிக்காதவள் கோழை என்று அர்த்தமாகிவிடும். குதிப்பதற்குப் பயந்து உட்கார்ந்திருந்ததும் உயிரைக் காத்துக்கொள்ள எடுத்த முடிவாக இருக்கலாம்.

சிக்கலான இடம் ஒன்று வரும். 2017இல் விடுதலை ஆக வேண்டியவர்கள் 83 பேர், அதில் ஒருவர் தனக்குக் கணவர் இருக்கிறார், இங்கேயே சந்தோஷமாக இருக்கிறேன் என்று வர மறுத்ததாக ஜனாதிபதியின் செய்தித் தொடர்பாளர் சொன்னார். உடனே 'மூளைச்சலவை' என்றோ 'காதல்' என்றோ முத்திரை குத்தத் தோன்றும். இரண்டையும் விடுங்கள். அந்தப் பெண் பேசி நாம் கேட்கவில்லை, அரசுத் தரப்பு சொன்னதைத்தான் கேட்டோம். யார் சொன்னார், மறுக்கும்போது அவர் பிடிபட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது, பக்கத்தில் துப்பாக்கியோடு இருந்தவர்கள் யார், இதை மட்டும் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்.