916 என்று விற்ற நகை 916 இல்லையா? பணத்தைத் திரும்ப வாங்கும் வழி

916 என்றால் ஆயிரத்துக்கு 916 பங்கு சுத்தத் தங்கம், அதாவது 22 காரட். நகையில் அந்த மாற்று குறைவு என்பது வாங்கிய கடையில் தெரிவதே இல்லை. அடகு வைக்கப் போகும்போது வங்கியின் மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிவிட்டு உதட்டைப் பிதுக்குவார், அப்போதுதான் தெரியும். உடனே பலரும் நகையோடு வாங்கிய கடைக்கு ஓடுகிறார்கள். அங்கே சண்டையெல்லாம் வராது. டீ வரும். "கொடுங்கம்மா, வேற டிசைன் எடுத்துக்கங்க" என்பார்கள். நகை அவர்கள் கைக்குப் போனதும் உங்கள் ஆதாரமும் கூடவே போய்விடும்.

அதனால் கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு விதி: எழுத்தில் ரசீது இல்லாமல் நகையைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். "உருக்கிப் பார்த்துடலாம்" என்றால் கட்டாயம் வேண்டாம். உருகினால் முத்திரையும் சேர்ந்து உருகிவிடும்.

1. பில்லையும் முத்திரையையும் பாருங்கள்

பில்லில் நிகர எடை, எத்தனை காரட், ஹால்மார்க் கட்டணம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் இருக்க வேண்டும். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடை தனியே. துண்டுச் சீட்டில் எழுதிய எஸ்டிமேட்தான் இருக்கிறதா? அதையும் தூக்கிப் போடாதீர்கள். பணம் கார்டிலோ யுபிஐயிலோ போயிருந்தால் வங்கிக் கணக்கு விவரத்தில் அந்த வரியை எடுத்து வையுங்கள்; கடையின் குறுஞ்செய்தி, சீட்டு அட்டை எதுவானாலும் உதவும்.

அடுத்து முத்திரை. இன்றைய ஹால்மார்க்கில் மூன்று இருக்கும்: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முக்கோணச் சின்னம், 22கே916 போன்ற தரக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி, அதாவது அந்த நகைக்கே உரிய அடையாள எண். 2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்யுஐடி இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. (2 கிராமுக்குக் குறைந்தவை போன்ற சில விலக்குகள் உண்டு.) வெறும் "916 கேடிஎம்" என்று பொறித்திருந்தால் அதற்கு ஹால்மார்க் மதிப்பு கிடையாது. கேடிஎம் என்பது பற்றவைக்கும் முறை, அவ்வளவுதான். ஆனாலும் இன்னும் அதைச் சொல்லி விற்கிறார்கள்.

2. ஆறு இலக்கத்தைச் சோதியுங்கள்

பிஐஎஸ் கேர் செயலியில் 'வெரிஃபை ஹெச்யுஐடி' பகுதியில் அந்த எண்ணைப் போடுங்கள். எண் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாக இருக்கும், லென்ஸ் வேண்டும். நகையின் வகை, தரம், முத்திரையிட்ட மையம் எல்லாம் திரையில் வரும். உங்கள் கையில் செயின் இருக்க, திரையில் 'மோதிரம்' என்று வந்தால் யாரோ வேறு நகையின் எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். திரையையும் நகையையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

3. மையத்தில் சோதனை

பிஐஎஸ் அங்கீகரித்த ஹால்மார்க் மையங்களில் பொதுமக்களும் நகையைக் கொடுத்துச் சோதிக்கலாம். நான்கு நகை வரை 200 ரூபாய், வரி தனி. மெஷினில் வைத்துப் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் சோதனை மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். தடிமனான முலாம் அதை ஏமாற்றிவிடும். உறுதியான முடிவுக்கு நெருப்புச் சோதனை கேளுங்கள். அதற்குச் சிறு துணுக்கு வெட்டி எடுப்பார்கள். அதனால் முன்கூட்டியே எடையும் படமும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

என் யோசனை: சோதனைக்கு முன்பே கடைக்கு ஒரு கடிதம் போட்டு, இந்தத் தேதியில் இந்த மையத்துக்கு உங்கள் ஆள் வரலாம் என்று சொல்லிவிடுங்கள். பின்னால் "நகையை மாத்திட்டாங்க" என்று அவர்கள் சொல்ல வழியிருக்காது.

4. எவ்வளவு கேட்பது?

ஹால்மார்க் நகையில் பொறித்த தரத்தைவிட மாற்று குறைந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்கிறது 2018 பிஐஎஸ் விதிகளின் 49-ஆவது விதி. இரண்டு பவுன் செயின், அதாவது 16 கிராம், 916க்குப் பதில் 850 என்று வந்தது என வையுங்கள். ஆயிரத்துக்கு 66 குறைவு. 16 கிராமுக்கு 1.056 கிராம் சுத்தத் தங்கம். இரண்டு மடங்கு 2.112 கிராமின் விலை.

கொஞ்சம் குறைவு என்றால் இதை வாங்கிக்கொண்டு முடிப்பது நல்லது. முத்திரையே போலி, அல்லது பாதி செம்பு என்றால் இதோடு விடாதீர்கள். செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி உட்பட முழுத் தொகையும் கேளுங்கள்.

5. கடிதம்

நீளமாக எழுத வேண்டாம். முழுத் தொகை கேட்பதென்றால் இப்படி; இரண்டு மடங்கு மட்டும் என்றால் தொகை கேட்கும் வரியையும் நகை ஒப்படைக்கும் வரியையும் மாற்றிக்கொள்ளுங்கள்:

"தங்கள் கடையில் (தேதி) பில் எண் (…) மூலம் 916 தரம் என்று கூறி விற்கப்பட்ட 16 கிராம் செயின், (மையம்) சோதனையில் 850 தரம் என்று தெரியவந்துள்ளது. அறிக்கை நகல் இணைப்பு. 15 நாட்களுக்குள் முழுத் தொகையையும் திருப்பித் தரவும். பணம் பெறும்போது நகையை ஒப்படைப்பேன். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

ஒப்புகை அட்டையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். திட்டு, மிரட்டல் எதுவும் வேண்டாம். நாளைக்கு இதை ஆணையம் படிக்கும்.

6. கடை அசையவில்லை என்றால்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். காசு செலவில்லை, பல கடைகள் இதிலேயே இறங்கி வந்துவிடும். முத்திரை போலி என்றால் பிஐஎஸ் கேர் செயலியிலும் தனியாகப் புகார் கொடுங்கள். அது கடை மீதான நடவடிக்கைக்கு; உங்கள் பணம் அதில் வராது.

பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நகையை மறுபடி ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையமே உத்தரவிடலாம். அதுவரை நகை உங்களிடம் இருந்தாக வேண்டும், அவசரத்துக்கு விற்றுவிடாதீர்கள்.

உத்தரவு வந்த பிறகும் பணம் தராமல் இழுத்தடிக்கும் கடைகள் உண்டு. அப்படியானால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மீறுபவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்க அதே சட்டத்தின் 72-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது.