404 பிழை எந்த லாகில் இருக்க வேண்டும்?
கிருஷ்ணகிரியில் மாம்பழக் கடைக்கு வெப்சைட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வெப் சர்வர் மென்பொருளில் இயங்கும் சைட்டில் இல்லாத ஃபைலை யாராவது கேட்டால் ஆக்சஸ் லாகில் (வந்த கோரிக்கைகளின் பதிவு) 404, அதாவது 'கேட்டது இல்லை' என்று ஒரு வரி, எரர் லாகிலும் (கோளாறுகளின் பதிவு) இன்னொரு வரி விழும், அதனால் வேர்ட்பிரஸ்ஸே போடாத சைட்டில் அதன் லாகின் பக்கத்தைத் துழாவுகிற பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) எரர் லாகில் சேர்க்கும் குப்பையில் உண்மையான கோளாறு கண்ணில் படாது. என்ஜின்எக்ஸின் 'லாக் நாட் ஃபவுண்ட்' (log_not_found) அமைப்பை ஆஃப் செய்துவிடுங்கள். ஆக்சஸ் லாகில் 404 அப்படியே இருக்கும், பயம் வேண்டாம். (அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வரின் 2.4 பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை, இதை வழக்கமாக எரர் லாகில் பதிவாகாத 'இன்ஃபோ' மட்டத்துக்கு இறக்கிவிட்டார்கள்.)

அப்புறம் ஆக்சஸ் லாகின் அந்த 404 வரியில் ரெஃபரரை (எந்தப் பக்கத்து லிங்க்கிலிருந்து வந்தார்கள் என்ற குறிப்பு) பாருங்கள். வெறும் கோடு என்றால் பெரும்பாலும் பாட்தான், விடுங்கள். உங்கள் சைட் முகவரியே இருந்தால், சீசன் முடிந்து நீங்கள் எடுத்துவிட்ட பெங்களூரா மாம்பழப் பக்கத்துக்கு இன்னும் எங்கோ லிங்க் தொங்குகிறது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.